ஓடிக்கொண்டே இடம் மாறுதல்: முலுண்ட் தடமும் ஐரோலிக் கரையும்

மும்பை மாநகராட்சி எல்லைக்குள், மத்திய ரயில்வேயின் முதன்மைத் தடத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் லோக்கல் ரயில் தொடும் கடைசி நிலையம் முலுண்ட். அதைத் தாண்டினால் தாணே, வேறு மாநகராட்சி, வேறு மாவட்டம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்ட இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த நிலத்தின் வழியாகவே சென்றது. 1920களில் கிரவுன் அண்ட் கார்ட்டர் என்ற கட்டடக்கலை நிறுவனம் வகுத்துக் கொடுத்த சதுரக் கட்டத் தெருக்கள் மேற்கு முலுண்டில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பின்வந்த தலைமுறையினர் கட்டுப்படியாகும் வீடு தேடி வடக்கே நகர்ந்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் இங்கு வந்து சேர்ந்தனர். கிழக்கே தாணே கடற்கழி. அதன் குறுக்கே 1999இல் பாலம் வந்தபின், அக்கரையிலுள்ள ஐரோலி சில நிமிடத் தொலைவுக்கு வந்துவிட்டது. அங்கே ஒருகாலத்தில் இரசாயன ஆலைகளுக்குப் பெயர்பெற்ற தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டி, ஐரோலி, ரபாலே, மகாபே வரை, இன்று தரவு மையங்கள் நிற்கின்றன: ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஒரே கூரையின் கீழ் தடையில்லா மின்சாரமும் குளிர்ச்சியும் தந்து இரவு பகலாக ஓட்டும் கட்டடங்கள்.

கடற்கழியின் இரு கரைகளும் வேறு வேறு காலங்களில் ஒரே கேள்வியை எதிர்கொண்டன. மேலே ஓடிக்கொண்டிருப்பது நிற்கக்கூடாது, ஆனால் அதைத் தாங்கும் அடித்தளம் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறியாக வேண்டும்; மாற்றம் ஒரே நாளில் முடியாது என்பதால் பழையதும் புதியதும் பல ஆண்டுகள் அடுத்தடுத்து இருக்கும், ஓடுவது இரண்டின் மீதும் ஓட வேண்டும். ரயில்வே இதற்குக் கண்ட விடை மெதுவானது, செலவு மிக்கது, ஆயினும் தெளிவானது. கணினித் தொழில் அதே விடைக்கு வந்து சேர ஏறத்தாழ 15 ஆண்டுகள் சுற்றியது.

ரயிலின் கதை முந்தையது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகத் தடம் வழியாக முதல் மின்சார ரயில் ஓடியபோது, கம்பியில் இருந்தது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1930க்குள் அதே மின்சாரம் முலுண்டையும் கல்யாணையும் கடந்து புனே, இகத்புரி வரை சென்றுவிட்டது. சென்னை கடற்கரை–தாம்பரம் தடமும் 1931இல் இதே 1500 வோல்ட்டில்தான் தொடங்கியது. 1957இல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தன் பொது முறையாக ஏற்றது. அழுத்தம் கூடினால் அதே ஆற்றலுக்குத் தேவைப்படும் மின்னோட்டம் குறையும், கம்பி மெலியும், துணைமின் நிலையங்களை வெகுதூரத்துக்கு ஒன்றாக வைத்தால் போதும் என்பதே காரணம். சென்னை 1960களிலேயே மாறிக்கொண்டது. மும்பையால் அப்படி மாற முடியவில்லை, ஏனெனில் அதன் புறநகர் ரயில்களைச் சில வாரங்கள் நிறுத்திவைப்பது என்பதை எந்த அதிகாரியும் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. எனவே வரிசை தலைகீழானது: கம்பியை மாற்றுவதற்கு முன் ரயிலை மாற்றினார்கள். இரு மின்சாரங்களிலும் ஓடக்கூடிய ரேக்குகள் எனப்படும் முழு ரயில் தொடர்களும், அதேபோல இரண்டையும் ஏற்கும் டபிள்யூ.சி.ஏ.எம். வகை எஞ்சின்களும் முதலில் வந்தன. இரண்டு முறைகளும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத ஒரு குறுகிய கம்பித் துண்டு இருக்கும். ஓட்டுநர் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு வண்டியை அதன் வேகத்திலேயே உருளவிட்டு அதைக் கடப்பார், அடுத்த பக்கத்தில் வேறு மின்சாரம் வண்டிக்குள் வரும், பயணிகளுக்கு விளக்கும் விசிறியும் ஒரு கணம் அணைந்து எரிவதே தெரியும். இத்தகைய வண்டிகள் போதிய அளவில் சேர்ந்த பிறகே கம்பி பகுதி பகுதியாக மாறியது: முலுண்டை உள்ளடக்கிய தாணே–லோக்மான்ய திலக் முனையப் பகுதி 2014 ஜனவரியிலும், அங்கிருந்து பழைய விக்டோரியா டெர்மினஸ் வரையிலான பகுதி 2015 ஜூனிலும், துறைமுகத் தடம் 2016 ஏப்ரலிலும். கடைசி நேர்மின்சார லோக்கல் 2016 ஏப்ரல் 9 இரவு குர்லாவிலிருந்து கிளம்பியது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வண்டி இரு மின்சாரத்துக்கும் தகுதியானது என்பதால் மட்டும் வழி தகுதியானதாகிவிடவில்லை. 25,000 வோல்ட் கம்பிக்கும் மேலே உள்ள கட்டுமானத்துக்கும் நடுவே அதிக இடைவெளி வேண்டும்; தென்மும்பையின் பழைய மேம்பாலங்கள் அந்த இடைவெளியைத் தராததால் சில இடங்களில் வண்டிகள் ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகிலிருந்த ஹான்காக் பாலம் 2016 ஜனவரியில் இடிக்கப்பட்டது. ஓடும் பொருளைப் பற்றிய கணக்கெல்லாம் சரியாக இருந்தும், அதைச் சூழ்ந்த ஒன்று இடமாற்றத்தைத் தடுக்கலாம் என்ற இந்த அனுபவம், கணினி உலகில் வலைப்பின்னல் மென்பொருளின் வடிவில் அப்படியே திரும்ப வந்தது.

மெய்நிகர் கணினி என்பது ஓர் உண்மைக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அதற்கென நினைவகம், வட்டு, வலையட்டை எல்லாம் இருப்பதாக அதன் இயங்குதளம் நம்பும், உண்மையில் அவையெல்லாம் அதைத் தாங்கும் உண்மைக் கணினி, அதாவது தாங்கு கணினி, காட்டும் தோற்றங்கள். இந்தக் கருத்து 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவாகி, 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்ற விற்பனைப் பொருளாக வந்தது. ஓடும் நிரலை நிறுத்தாமல் வேறொரு கணினிக்கு நகர்த்தும் முயற்சியும் பழையதே: 1985இல் ஸ்டான்ஃபோர்டின் வி அமைப்பைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தை முன்கூட்டிப் பிரதியெடுக்கும் உத்தி விவரிக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து ஒரு முழுக் கணினியையே நகர்த்தும் வசதியை வி.எம்.வேர் நிறுவனம் 2003இல் விமோஷன் என்ற பெயரில் வெளியிட்டது. 2005இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு ஸென் என்ற திறந்தநிலை மென்பொருளின் மீது அதே காரியத்தைச் செய்து, செய்முறையையும் அளவீடுகளையும் வெளியிட்டது. தொழிலில் இன்று லைவ் மைகிரேஷன் என்று சொல்லப்படுவதன் பாடநூல் விளக்கம் அதுவே.

முறை எளிது. மூலக் கணினியிலிருந்து நினைவகப் பக்கங்கள், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ளவை, இலக்குக் கணினிக்கு அனுப்பப்படும். அனுப்பும் நேரத்தில் மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டே இருப்பதால் சில பக்கங்கள் மாறிவிடும். மாறியவை மட்டும் மறுபடி அனுப்பப்படும். இப்படிச் சுற்றுகள் நடந்து மிச்சம் சிறிதானதும் ஒரு கணம் நிறுத்தி, கடைசிப் பக்கங்களையும் செயலியின் நிலையையும் அனுப்பி, இலக்கில் ஓட்டம் தொடரும். கேம்பிரிட்ஜ் குழு குவேக் 3 என்ற பலர் ஆடும் விளையாட்டின் வழங்கியை ஆட்டத்தின் நடுவே நகர்த்தி, நின்ற நேரம் 60 மில்லிவினாடி என்று காட்டியது. நகர்ந்த பின் வலைப்பின்னலுக்குச் செய்தி சொல்ல வேண்டும்: முகவரி அதேதான், ஆனால் இனி அது சுவிட்சின் வேறொரு துறையின், அதாவது இணைப்பு வாயிலின், பின்னால் இருக்கிறது என்று ஓர் அறிவிப்புப் பொட்டலம் எல்லோருக்கும் அனுப்பப்படும், சுவிட்சுகள் தம் அட்டவணையைத் திருத்திக்கொள்ளும்.

இவ்வளவும் இரு தாங்கு கணினிகளும் ஒன்றுபோல் இருக்கும்வரை சரி. வேறுபாடு முதலில் தொல்லை தந்தது செயலியில். இயங்குதளம் தொடங்கும்போது செயலி எந்தெந்தக் கட்டளைகளை அறியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும். புதிய செயலியில் பிறந்து பழைய செயலிக்கு நகர்ந்த மெய்நிகர் கணினி, அங்கே இல்லாத கட்டளையை இட்டால் நிரல் அங்கேயே சரியும். 2008இல் வி.எம்.வேர் இதற்கு வகுத்த வழி, ஒரு தொகுதியிலுள்ள எல்லாச் செயலிகளும் அவற்றில் மிகப் பழையதற்குத் தெரிந்ததை மட்டுமே வெளியே காட்டுமாறு புதியவற்றின் கூடுதல் திறமைகளை மறைத்துவைப்பது. வாங்கிய புதுச் செயலியின் வாயை அடைத்து வைப்பது கண்டு பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆயினும் வழி நிலைத்தது.

வலைப்பின்னலில் அதே பிரச்சினை தாமதமாக வந்தது, அதற்குக் காரணம் அது முதலில் ஒரே நிரலுக்குள் அடங்கியிருந்ததுதான். லினக்ஸ் உலகில் 2007இல் இயங்குதளத்தின் கருவகத்தில் சேர்ந்த கே.வி.எம். என்ற பகுதியும் ஃபப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய க்யூஎமு என்ற நிரலும் சேர்ந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டின. க்யூஎமு தொடக்கத்தில் ஒரு பழைய வலையட்டையைப் போல் நடித்தது. நடிப்பு மெதுவாக இருந்ததால், ரஸ்டி ரஸ்ஸல் என்ற நிரலாளர் வடிவமைத்த வர்ட்டியோ என்ற முறை வந்தது. இதில் மெய்நிகர் கணினிக்குத் தான் மெய்நிகர் என்பது தெரியும். தொடங்கும்போது சாதனம் தனக்குத் தெரிந்த வசதிகளைப் பிட்டுகளின் வரிசையாக நீட்டும், உள்ளிருக்கும் இயக்கி தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் ஏற்கும், இருவரும் கைச்சாத்திட்டபின் மீண்டும் தொடங்கும்வரை உடன்பாடு மாறாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் கதையின் மையம். நிற்காமல் இடம் மாறும் கணினி மீண்டும் தொடங்குவதில்லை. ஆகவே மூலத்தில் எழுதிய உடன்பாட்டை, அதை எழுதாத இலக்கு முழுவதுமாக நிறைவேற்றியாக வேண்டும். க்யூஎமு இதற்காகவே ஒவ்வொரு பதிப்பிலும் இயந்திர வகை என்ற பெயரில் பழைய பதிப்பின் நடத்தையை அப்படியே காட்டும் வசதியை வைத்திருந்தது.

வேகத்தின் தேவை அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. பொட்டலங்களைக் கையாளும் வேலை 2010இல் க்யூஎமுவிலிருந்து கருவகத்துக்குப் போனது. 2014இல் விஹோஸ்ட்–யூசர் என்ற முறையின் வழியாக முற்றிலும் வேறொரு நிரலுக்குப் போக வழி திறந்தது. பெரும்பாலும் அந்த வேறு நிரல் ஓப்பன் விசுவிட்ச்: 2009இல் நிசிரா நிறுவனத்தில் பிறந்த, தாங்கு கணினிக்குள் வாழும் மென்பொருள் சுவிட்ச். வேகம் வேண்டுவோர் அதை இன்டெல் தொடங்கிய டி.பி.டி.கே. என்ற பொட்டலக் கையாளல் தொகுப்புடன் சேர்த்து ஓட்டினார்கள். இப்போது மெய்நிகர் கணினிக்கு எந்த வசதிகளைத் தரலாம் என்பதைத் தீர்மானிப்பது க்யூஎமுவின் பதிப்பு மட்டுமல்ல, சுவிட்சின் பதிப்பும்கூட. இயந்திர வகை என்ற பழைய காப்பு சுவிட்சை எட்டவில்லை. இரண்டு நிரல்களையும் இரண்டு வேறு சமூகங்கள் வேறு வேறு நாட்காட்டியில் வெளியிட்டன.

விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். டி.பி.டி.கே. 16.11 பதிப்பில், பல துண்டுகளாக உள்ள ஒரு பொட்டலத்தை வரிசையின் ஒரே இடத்தில் குறிக்க உதவும் மறைமுக விவரிப்பு என்ற வசதி விஹோஸ்ட்–யூசரில் சேர்ந்தது. முந்தைய 16.07 பதிப்புள்ள தாங்கு கணினியில் பிறந்த மெய்நிகர் கணினிக்கு அந்த வசதி தெரியாது, ஆகவே அது 16.11க்கு நகர்வதில் தடையில்லை. 16.11இல் பிறந்ததோ அந்த வசதிக்கும் சேர்த்துக் கைச்சாத்திட்டிருக்கும். அதைப் பழைய பதிப்புள்ள கணினிக்கு அனுப்பினால், இலக்கிலுள்ள க்யூஎமு இரண்டு பதினாறடிமான எண்களைக் காட்டி, இன்ன வசதிகள் ஆதரிக்கப்படவில்லை, அனுமதிக்கப்பட்டவை இவை என்று மறுத்துவிடும். ஒரே இரவில் எல்லாத் தாங்கு கணினிகளையும் புதுப்பிக்க முடியாது. ஒன்றைக் காலி செய்து, புதுப்பித்து, அடுத்ததைக் காலி செய்வதே வழக்கம். பாதி வேலையில் புதிய பதிப்பில் கோளாறு தெரிந்து பின்வாங்க நினைக்கும்போதுதான் வழி ஒருதிசைப் பாதையாகிவிட்டது என்பது நிர்வாகிக்குத் தெரியவரும்.

இந்த மறுப்பைக் குறை சொல்வதற்கில்லை; மெய்நிகர் கணினி மூலத்திலேயே சேதமின்றி ஓடிக்கொண்டிருக்கும். மறுக்காமல் ஏற்றுக்கொள்வதே உண்மையான ஆபத்து. ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எம்.டி.யு. எல்லை இதற்குச் சான்று. 2014 ஆகஸ்டில் தகவல் ஆவணமாக வெளியான விஎக்ஸ்லான் முறை, ஒரு பொட்டலத்தை இன்னொன்றின் உள்ளே பொதிந்து அனுப்புவதால் 50 பைட் கூடுதலாகும்; வெளி வலைப்பின்னல் 1500 பைட் மட்டுமே தாங்குமானால் உள்ளே 1450தான் செல்லும். பெரிய பொட்டலங்களுக்கு இடமுள்ள கணினியிலிருந்து இடமில்லாத கணினிக்கு நகர்ந்த மெய்நிகர் கணினி பழைய எல்லையையே நம்பிக்கொண்டிருக்கும். பிங் என்ற இணைப்புச் சோதனை பதில் தரும், இணைப்பு தொடங்கும், எல்லாம் சரி என்று கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருக்கும். ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது மட்டும் அது அசையாமல் நிற்கும். இத்தகைய கோளாறைத் தேடி விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு வெளிப்படையான மறுப்பின் அருமை தெரியும்.

வணிக மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. வி.எம்.வேர் 2015இல் வெளியிட்ட விஸ்பியர் 6.0, ஒரு மெய்நிகர் சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடப்பெயர்ச்சியை அனுமதித்தது. ஆயினும் பல தாங்கு கணினிகளில் பரவி நிற்கும் பரவல் சுவிட்ச் இலக்கில் இருந்து, அதன் பதிப்போ தயாரிப்பாளரோ வேறாக இருந்தால் முன்சோதனையிலேயே தடுத்துவிடும் விதியும் உடன் இருந்தது. இடப்பெயர்ச்சியே கைவசம் இல்லாதவர்களின் நிலை 2014 செப்டம்பரில் வெளிப்பட்டது: ஸென் மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தபோது, அமேசான் தன் மெய்நிகர் கணினிகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

மும்பை இந்தத் தொழிலின் வரைபடத்தில் இடம்பெற்றது அதன்பின். மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரிலும், அமேசான் 2016 ஜூனிலும், கூகுள் 2017 நவம்பரிலும் மும்பை வட்டாரத்தில் தம் மேகக் கணிமை மையங்களைத் திறந்தன. ஐரோலிக்குத் தெற்கே கன்சோலியில் தலைமை வளாகம் கொண்ட ரிலையன்ஸ் ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று வணிகச் சேவையைத் தொடங்கியது. உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தனிப் பெட்டிகளில் இருந்த வேலைகளை மெய்நிகர் கணினிகளுக்கு மாற்றத் தொடங்கிய காலம் அது. 2012இல் ஐரோப்பியத் தர அமைப்பான எட்சியில் தொடங்கிய அந்த இயக்கமே வேகமான மென்பொருள் சுவிட்சுகளுக்குச் சந்தையை உருவாக்கியது. தொலைபேசி அழைப்பைத் தாங்கும் மெய்நிகர் கணினியை நினைத்த நேரத்தில் அணைத்துத் தொடங்க முடியாது என்பதால், பதிப்புப் பொருத்தம் பற்றிய கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களும் இத்துறையினர்தாம்.

விடைகள் இரண்டு திசைகளில் வந்தன. டி.பி.டி.கே. 17.05 பதிப்பு, சுவிட்ச் தனக்குத் தெரிந்த வசதிகளில் சிலவற்றைத் தானே மறைத்துக்கொள்ள வழி தந்தது. அதாவது புதிய சுவிட்ச் பழையதைப் போல் நடந்துகொள்ளலாம். ஓப்பன்ஸ்டாக் என்ற மேக நிர்வாகத் தொகுப்பின் 2018 ஆகஸ்ட் பதிப்பான ராக்கி, நகர்வு தொடங்குவதற்கு முன்பே இலக்குக் கணினியில் வலைத்துறையை ஏற்பாடு செய்து, அங்கே இடம் உண்டா, எந்த வகைச் சுவிட்ச் என்பதை உறுதிசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மெய்நிகர் கணினி வந்து இறங்கிய பிறகே துறை தேடப்பட்டது. இரண்டாவதைவிட முதலாவதே ஆழமான திருத்தம் என்பதில் ஐயமில்லை. பொருத்தம் என்பது நகரும் நாளில் சோதித்துக் கண்டுகொள்ள வேண்டியதன்று; மெய்நிகர் கணினி பிறக்கும்போதே, தொகுதியிலுள்ள மிகப் பழைய சுவிட்சால் நிறைவேற்றக்கூடிய உடன்பாட்டை மட்டும் அதற்கு எழுதிக்கொடுத்து, கடைசிப் பழைய கணினி விலகிய பின் புதிய வசதிகளைத் திறப்பதே சரி. முலுண்ட் தடத்தில் ரேக்குகளை முதலிலும் கம்பியை அடுத்தும் மாற்றிய வரிசையின் தர்க்கமும் இதுவே. இதன் விலை, பல மாதங்கள் புதிய பதிப்பின் பயனை அனுபவிக்காமலே அதை ஓட்டுவது. புதிய வசதிகளை முதல் பக்கத்திலும் பொருத்தக் கட்டுப்பாடுகளைக் கடைசிப் பக்கத்திலும் அச்சிடும் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்து வாங்கியவர்களுக்கு இது உவப்பாக இருப்பதில்லை.

எல்லோரும் நிற்காத இடமாற்றத்தை நாடுவதும் இல்லை. தேசியப் பங்குச் சந்தை 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் காலை 11:40 மணிக்கு நின்று பிற்பகல் 3:45க்கே மீண்டும் திறந்தது. அடுத்த மாதம் பங்குச் சந்தைகளின் ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட விதி, பேரிடர் அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்தில் பணி தொடர வேண்டும் என்றது. அங்கே நடப்பது மெய்நிகர் கணினியின் நகர்வு அல்ல, ஒரு முழு மையத்திலிருந்து வேறொரு மையத்துக்கு வேலையை மாற்றுவது. ஆனால் இரு பக்கமும் ஒன்றாக நடந்துகொள்ளும் என்பதை எப்படி உறுதிசெய்வது என்ற கேள்வி அதேதான். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தை சிறப்பு வணிகம் நடத்தி அதைச் சோதித்தது: காலை 9:15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்தில் வணிகம், பிறகு முழு நிறுத்தம், 11:30 முதல் 12:30 வரை மாற்று மையத்தில் வணிகம்.